மலையில் போட்ட சோதனை

எனக்கு மலை ஏறப் பிடிக்காது. வீட்டுப் பிள்ளைகள் வந்து, காலையில் ஏறி மத்தியானத்துக்குள் இறங்கிவிடலாம், நல்ல காற்று, வாருங்கள் என்று கூப்பிடும்போதெல்லாம் முட்டியைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறேன். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. இன்றைக்கும் லோபாக் பாசார் வரை நடந்துபோய், மீன்காரனோடு சண்டை போட்டுவிட்டு, நடந்தே திரும்புகிறவள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மலை ஏறினேன். அதுவும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து ஏறினேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது மலாயாவில் அவசரகாலம் இன்னும் முடியவில்லை, ஆனால் முடிகிற வாசனை வந்துவிட்டது. கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் அப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். காட்டுக்குள் இருந்து சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக்கூடாது என்று, தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே வீட்டில் பசியாறிவிட வேண்டும். வெளியே போகும்போது ஒரு போத்தலில் சீனி போடாத கறுப்புக் காப்பி கொண்டுபோகலாம். அவ்வளவுதான். பத்து மணிக்கு வயிறு கத்தினால் கத்தட்டும், சர்க்காருக்கு அது காதில் விழாது.

கேட்டில் சோதனை உண்டு. ஆண்களை மலாய்க் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு ஒரு பெண் வேண்டுமே? தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், மண்டோர் மகள், யாருக்கும் பயப்படாத வாய்க்காரி என்று ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி கை காட்டிய பெண் நான்தான். சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது என்று அப்பா அன்றைக்குத் தேங்காய் உடைத்தார். அது என்ன வேலை என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது சரியாகத் தெரியாது.

வேலை இதுதான். கேட்டுக்குப் பக்கத்தில், கித்தான் படுதா மறைப்பில் நான் நிற்பேன். பெண்கள் வரிசையாக வருவார்கள். வருகிறவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்குவாள். என் கை அவள் அக்குளில் ஆரம்பித்து, விலா, இடுப்பு, மடி என்று இறங்கும். கொண்டையை அழுத்திப் பார்க்கும். மடியில் சோற்றுப் பொட்டலம் இருந்தால் எடுத்து இடது பக்கம் இருக்கும் தகர டிரம்முக்குள் போட்டுவிட்டு, அடுத்தவளைப் பார்ப்பேன். கையில் வேறு ஏதாவது தட்டுப்பட்டால், "என்ன இது? உள்ள போயி வச்சிட்டு வாங்க" என்பேன். காட்டுக்காரர்களுக்காகச் சோறு கடத்தினவர்கள் எங்கேயோ இருந்திருக்கலாம். நான் எடுத்ததெல்லாம் அவரவர் வயிற்றுக்கு வைத்திருந்ததுதான். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தினமும் இருட்டில் இத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்றால் பேசிக்கொண்டிருக்க முடியாது. கொஞ்ச நாளில் அவர்களிடம் கையைத் தூக்கு என்று நான் சொல்வதும் நின்றுபோனது. என் முன்னால் வந்தாலே கைகள் தூக்கிக்கொள்ளும், என் கைகள் இறங்கிக்கொள்ளும். நான் பாதித் தூக்கத்தில்கூடச் செய்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் எனக்குக் கேட்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். இதெல்லாம் போகட்டும் என்றாலும், எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது. சுற்று வட்டாரத் தோட்டங்களில் மாப்பிள்ளைக்கா பஞ்சம்? ஆனால் தன் அம்மா இடுப்பையும் அக்கா மடியையும் தினம் தடவினவளை எவன் கட்டுவான்? கேட்ட இடத்திலெல்லாம் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள். அம்மா கால் வீங்கி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவாள். எனக்கு எரிச்சலாக வரும். அழுகிறவளை நான் சமாதானம் சொல்லித் தேற்றினதாக எனக்கு நினைவே இல்லை.

அந்த நிலைமையில்தான் எங்கள் வட்டாரத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். அதாவது இனிமேல் இங்கே பயமில்லை, சோறு கொண்டு போகலாம், நினைத்த நேரத்துக்குப் போய் வரலாம். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுக் காவலர்கள் லாரி ஏறிப் போனார்கள். என் வேலையும் போனது. மறுநாளிலிருந்து நானும் வாளி தூக்கிக்கொண்டு அவர்களோடு மரம் வெட்டப் போனேன். திறந்து கிடந்த கேட்டுக்கு வந்ததும் எல்லாருடைய நடையும் தானாகக் கொஞ்சம் மெதுவாகும்.

சிரம்பான் டவுன் பக்கம் லோபாக்கில் இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, இதுதான் சமயம் என்று கிளம்பிவிட்டாள். அத்தைக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. மாப்பிள்ளை சிரம்பானில் சர்க்கார் ஆபீசில் கிராணி. அம்மா, ஒரு தங்கச்சி. கௌரவமான மனிதர்கள், கையைக் காலை நீட்டிக் கேட்கிற ஜாதி இல்லை. பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிறாள் என்று அத்தை சொல்லிவிட்டாள். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைத் தூக்கி வளர்க்கிற இடம் அது. முழுப் பூசணிக்காயை அத்தை எந்தச் சோற்றில் மறைத்தாள் பாருங்கள்.

அப்பா தயங்கினார். தெரியவந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அத்தை விடுவாளா?

"கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணுதாண்ணே சொன்னேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் தடுக்கவில்லை. எனக்கு அந்தக் கேட்டிலிருந்தும் குழாயடியிலிருந்தும் போனால் போதும் என்று இருந்தது. மாப்பிள்ளை கிராணியாக இருந்தால் என்ன, கிணறு வெட்டுகிறவனாக இருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் பார்த்தால், தோட்டத்தில் யாராவது வாய் விட்டுவிடுவார்கள். அதனால் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளைப் பகுதி ஆனதும் டவுன் இளவட்டங்களுக்கெல்லாம் ஒரு ஆசை வந்திருந்தது, இத்தனை வருஷம் ஏறக்கூடாது என்று வைத்திருந்த மலையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று. லோபாக்கில் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. கோலப்பிலா போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலை மேல் ஏறி, அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் தங்கச்சியும் வருகிறார்கள். நீயும் வா என்றாள் அத்தை. பிடித்துப்போனால் ஆற்றங்கரையிலேயே பூ வைத்துவிடுவார்கள், பேச்சே இல்லை என்றாள்.

வயதுப் பெண் தனியாகப் போகலாமா? தோட்டத்திலிருந்து துணைக்கு நான்கைந்து பெண்கள் வேண்டும். அத்தை பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கேட்டாள். அந்த அக்கா ஒருத்திதான் கேட்டுக்கு வெளியே என்னிடம் முகம் பார்த்துப் பேசுவாள். மரம் வெட்டுகிறவள், இரண்டு பிள்ளைக்காரி, அளந்துதான் பேசுவாள். அவள் சொல்லி மற்றவர்களும் வரச் சம்மதித்தார்கள். எனக்காக என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. வெட்டுக்காட்டில் நின்று வருஷக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டே இருந்த மலை, அதில் ஏறிப் பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்காதா? கேட்டு விஷயத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அத்தை ஒவ்வொருத்தி தலையிலும் அடிக்காத குறையாகச் சொல்லி வைத்தாள். சொல்ல மாட்டோம் என்றார்கள். சொல்லவும் இல்லை. அதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன்.

சிரம்பான் பஸ் நிலையத்தில் எல்லாரும் சேர்ந்தோம். டவுன் பெண்கள் சாப்பாட்டு அடுக்குச் சட்டிகளைப் பளபளவென்று தேய்த்துக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெண்கள் கையில் காப்பிப் போத்தல் மட்டும்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, இவர்கள் சாப்பாடு கொண்டுவரவில்லையா என்று கேட்டார். கொண்டுவராமல் என்ன? பக்கத்து வீட்டு அக்கா புளிச்சோற்றை வாழையிலையில் கட்டி, சேலைக்குள்ளே இடுப்போடு சேர்த்துச் செருகியிருந்தாள். இப்போது சோறு கொண்டு போவது குற்றம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டை விட்டுச் சோற்றோடு கிளம்பினால் அது போகிற இடம் மடிதான் என்று கைக்குப் பழகிவிட்டது. நான் அதைப் பார்த்ததும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவை எனக்குப் பிடித்தது. பெருத்த உடம்பு, கலகலவென்ற சுபாவம். எதைப் பார்த்தாலும் இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்பார். வேர் ஏன் இப்படி வெளியே கிடக்கிறது, அட்டைக்கு ஏன் புகையிலைத் தண்ணீர் தடவுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே, நாங்கள் செய்வதைப் பார்த்து அவரும் அப்படியே செய்வார். நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகினால் அவரும் செருகுவார். ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். செங்குத்தான ஓர் இடத்தில் அவரை அப்படியே இழுத்து மேலே நிறுத்தினதும், என் கையை விடாமல் தடவிப் பார்த்தார்.

"நல்ல உறுதியான கைம்மா. பிள்ள தூக்கிப் பழகின கைன்னு தெரியுது."

அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் காது சுட்டது. பொய்தான், ஆனால் அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! முன்னால் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையோடு இருந்தான். போதும், இதுவே போதும் என்று நினைத்தேன்.

உச்சியில் கொஞ்சம் வெட்டவெளி இருந்தது. ஒரு பக்கம் சிரம்பான் ஓட்டுக் கூரைகளோடு தெரிந்தது. எங்கள் பெண்கள் அதைப் பார்க்கவில்லை, தெற்கே நின்றுகொண்டு நம்ம தோட்டம் எது, நம்ம தோட்டம் எது என்று தேடினார்கள். எல்லாம் ஒரே ரப்பர் மரம், எங்கே கண்டுபிடிப்பது? பாறை மறைவில் மூன்று கற்கள் கரி பிடித்துக் கிடந்தன. காட்டுக்காரர்கள் அடுப்பாக இருக்கும் என்று டவுன் இளவட்டம் ஒருவன் காலால் ஒரு கல்லைப் புரட்டிவிட்டுச் சிரித்தான். பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்குப் பொங்க என்ன கிடைத்திருக்கும் என்று மெல்லக் கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. நான் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. ஆற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பள்ளம், அதன் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து பாலம் மாதிரிக் கிடந்தது. மரத்தில் ஏறுகிற இடத்தில் இரண்டு பாறைகள், நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இடைவெளி. ஆண்கள் முதலில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை, பெண்கள் வழுக்கி விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று நடு மரத்தில் நின்றுகொண்டான். நல்ல பிள்ளைதான். அந்த இடுக்கின் வாயோரம் ஒருத்தி நின்று ஒவ்வொருத்தராய்க் கை கொடுத்து ஏற்றிவிட்டால் நல்லது என்று யாரோ சொல்ல, நான் போய் நின்றேன். மாமியார் ஆகப்போகிறவர் பார்க்கிறாரே, சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா?

முதலில் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். போத்தலைக் கீழே வைத்தாள். என் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

என் கை அவள் அக்குளுக்குப் போனது. விலா, இடுப்பு, மடி. இலைப் பொட்டலம் தட்டுப்பட்டது. உருவி எடுத்து இடது பக்கம் வைத்தேன். டிரம் இருக்க வேண்டிய இடத்தில் பாறை இருந்தது. கொண்டையை அழுத்தினேன். அவள் மரத்தில் ஏறினாள். அடுத்தவள் வந்தாள், போத்தலை வைத்தாள், கையைத் தூக்கினாள். அதற்கு அடுத்தவள் கையைத் தூக்கினதோடு நிற்காமல், போத்தல் மூடியையும் தானே திறந்து காட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மலை, ஆறு, மாப்பிள்ளை, எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வரிசை வருகிறது, கை வேலை செய்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்ததுகூட இல்லை, கேட்டில் வந்தது.

எங்கள் பெண்கள் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். முன்னால் போனவர்கள் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். இது எதுக்கும்மா, மரத்துல ஏறுற முன்ன பாரம் பாக்குறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, அவரும் அப்படியே இரண்டு கையையும் தூக்கினார்.

அப்போதாவது எனக்கு விழிப்பு வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. என் கை அவர் அக்குளுக்கும் போனது, இடுப்புக்கும் போனது. மடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. உருவினேன். சின்னத் துணி முடிச்சு. அதையும் பிரித்தேன். பிரித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் நீட்டி, கேட்டில் பேசுகிற அதே குரலில் கேட்டேன்:

"என்ன இது? உள்ள போயி வச்சிட்டு வாங்க."

உள்ளங்கையில் ஒரு தங்க மோதிரம் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் குங்குமம். ஈரத்துணியில் சுற்றின ஒரு முழம் மல்லிகை.

மரத்தில் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாவின் கைகள் இன்னும் தூக்கினபடியே இருந்தன. அக்கரையிலிருந்து ஒருவன், முன்பு எங்கள் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றி வந்த லாரியில் வேலை செய்தவனாம், தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அட, இது கேட்டுல சோதன போடுற பொண்ணுலா! நானும் காலையிலேருந்து எங்க பாத்தோம், எங்க பாத்தோம்னு யோசிக்கிறேன்."

அந்த அம்மா கையை இறக்கினார். முந்தானையை இழுத்து இடுப்பை மூடினார். எங்கள் பெண்களை ஒரு பார்வை பார்த்தார், பாறை மேல் இருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பின்னால் நின்ற அத்தையிடம்தான், மெதுவாகக் கேட்டார்.

"பிள்ள தூக்குற கைன்னு சொன்னீங்களே."

எதற்கும் பதில் வைத்திருக்கிற என் அத்தை, குனிந்து காலில் இல்லாத அட்டையைத் தேட ஆரம்பித்தாள். நடு மரத்தில் நின்ற மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று எப்படியோ தெரிந்தது. முடிச்சை அந்த அம்மாவின் கையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். வெட்டி எறிய முடிந்தால் அந்தப் பள்ளத்திலேயே எறிந்திருப்பேன்.

மரத்தில் ஏற அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. நான் நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, மரத்தின் மேல் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அக்கரை போனார். வேறு சமயமாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். ஒருவரும் சிரிக்கவில்லை, லாரிக்காரன்கூட.

ஆற்றங்கரையில் சாப்பாடு. டவுன் பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்துவிட்டது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, பாறையிலிருந்து மறக்காமல் எடுத்து வந்த பொட்டலத்தை எல்லாருக்கும் நடுவே பிரித்து வைத்து, புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எதிர்ப்பக்கம் அந்த அம்மா முடிச்சை மறுபடி பிரித்தார். மானங்கெட்ட நெஞ்சு, அப்போதும் எதையோ எதிர்பார்த்தது. அவர் மல்லிகையை மட்டும் வெளியே எடுத்தார். பூ வாடிப் போகிறதே என்று சொல்லி, பக்கத்தில் இருந்த தன் மகளைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவள் பின்னலில் வைத்துவிட்டார். மோதிரத்தை முடிந்து மடியில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு அத்தை மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். ஜாதகத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவே இல்லை. மரியாதையான மனிதர்கள் என்பதால் அப்படிச் சொன்னார்கள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை என் பக்கம் வந்தான். அம்மா பயந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். என்னைப் பார்த்து யாராவது பயப்படுவார்கள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. தலையை ஆட்டினேன். அவன் போய்விட்டான்.

அத்தை சிரம்பானிலேயே எங்களை விட்டுப் போய்விட்டாள். கோலா சாவா பஸ்ஸில் எங்கள் பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒரே கேள்விதான் எனக்குள் ஓடியது. வாயைத் திறக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள், திறக்கவில்லை. கையால் சொல்லிவிட்டார்களா? வேண்டுமென்றே செய்தார்களா? வேண்டுமென்றுதான் என்று முடிவுகட்டினேன். அப்படி முடிவுகட்டினதும் கொஞ்சம் தெம்பு வந்தது. கோபம் வந்தால் வெட்கம் ஒதுங்கி நிற்கும், அதுதான் காரணம். சண்டைக்கு வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

தோட்டத்துக் கேட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டு திறந்து கிடந்தது. படுதா கட்டின கம்புகள் இன்னும் நட்டபடி இருந்தன. டிரம் ஒரு பக்கம் சாய்ந்து, அதற்குள் மழைத்தண்ணீர். பெண்களின் நடை எப்போதும் போல அங்கே மெதுவானது. நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவின் எதிரே நின்றேன்.

"வேணும்னேதானே கையத் தூக்குனீங்க?"

மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுக்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

"இல்ல. தூக்கினது தெரியாமத்தான். உன் முன்னுக்கு வந்து நின்னேன், கை தூக்கிக்கிச்சு." போத்தலை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீ தடவ ஆரம்பிச்ச பொறவு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் எறக்கல."

"ஏங்க்கா?"

"பாக்கட்டும்னுதான். இத்தன வருஷமும் இருட்டுல, படுதாவுக்குப் பின்னால. ஒருத்தரு பாத்ததில்ல. பகல்ல நாலு மனுசங்க பாக்கட்டும்னு நின்னேன். உன் கல்யாணம் அப்ப என் நெனப்புல இல்ல தங்கச்சி. அதுக்கு வேணும்னா என்னத் திட்டிக்க."

அன்றைக்குப் பகல் முழுக்க நான் பட்டது, கல்யாணம் போனதே என்ற வெட்கம். அந்தப் பொய் வெளியானதே என்ற வெட்கம். மாமியார் இடுப்பில் கை வைத்ததற்காகச் செத்துப்போகலாம் என்று நினைத்தேனே, இவளுடைய இடுப்பில் தினமும் கை வைத்தபோது எனக்கு என்றைக்காவது அப்படித் தோன்றியதா? அந்த அம்மா ஒரு தடவை கை தூக்கினதற்கு ஊரே வாயடைத்து நின்றது. இவர்கள் தூக்கின கைகளுக்கு நான் அடுத்தவளைத்தான் பார்த்தேன். அப்போது வந்த வெட்கத்தில் எனக்கு அந்த இடத்தை விட்டு நகரத் தெரியவில்லை.

லயத்து முனையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். பூ வைத்தார்களா என்று கேட்கத்தான் நிற்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் பக்கம் பார்க்காமல், "வா, நானே சொல்றேன் உங்கப்பாகிட்ட" என்றாள்.

பெண்கள் நடக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேட்டில் எப்போதும் நான் நிற்பேன், அவர்கள் போவார்கள். அன்றைக்கு எல்லாரும் உள்ளே போகும்வரை ஒதுங்கி நின்று, கடைசி ஆளாக அவர்களுக்குப் பின்னால் போனேன்.